ஐம்படைத்தாலி: சின்னஞ்சிறு காப்புகளின் கதை

தமிழிலே 'காப்பு' என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. காவல் என்பது ஒன்று. கையில் அணியும் வளை என்பது மற்றொன்று. முப்பத்தொன்று கழித்துப் பிள்ளைக்குக் காப்புப் போட வேண்டும் என்று நம்மூர்த் தாய்மார் சொல்லும்போது இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அணி வேறு, அரண் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் முன்னோரிடம் அதிகம் இருக்கவில்லை. பிள்ளையின் உடம்பிலே எதைப் பூட்டினாலும் அது அழகுக்கும் ஆகும், காவலுக்கும் ஆகும் என்றே அவர்கள் கருதினார்கள்.

இந்தக் கருத்து மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் ஒன்று உண்டு. பெரிய பொருள்களைச் சின்னஞ்சிறு வடிவிலே பொன்னாலும் வெள்ளியாலும் செய்து உடம்பிலே தொங்கவிடும் வழக்கம்தான் அது. ஒரு விரல் நகத்தளவு வாள், நெல்மணியிலும் சற்றே பெரிய சங்கு, ஊசியளவு வில், அறுணாக்கொடியில் ஆடும் மணி, கோவிலிலே கட்டும் வெள்ளித் தொட்டில் என்று இவற்றின் வரிசை நீளும். விளையாட்டுச் சாமான்கள் போலத் தோன்றும் இச்சிறு பொருள்களுக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் சில பக்கங்களை இன்று புரட்டிப் பார்ப்போம்.

புலிப்பல்லிலிருந்து ஐம்படைக்கு

சங்க இலக்கியத்திலே தாலி என்ற சொல் வருகிறது. ஆனால் இன்று நாம் அறிந்த திருமணத் தாலியாக அது வரவில்லை. குழந்தையின் அணியாக வருகிறது. குறுந்தொகையின் 161ஆம் பாடலிலே மழை பொழியும் இரவில் ஒரு தாய் தன் புதல்வனைத் தழுவிக்கொள்கிறாள். அவன் கழுத்திலே கிடப்பது புலிப்பல் தாலி. அகநானூற்றின் 7ஆம் பாடலிலும் புலிப்பல் கோத்த தாலி உண்டு; அங்கே அதை அணிந்திருப்பவள் ஓர் இளம்பெண். அகநானூற்றின் 54ஆம் பாடலிலே பொன்தாலி அணிந்த மகனைக் காண்கிறோம். அகநானூறு 86, 136 ஆகிய இரு பாடல்களும் பழந்தமிழர் திருமணத்தை விரிவாகவே வருணிக்கின்றன. அவற்றிலே தாலி கட்டும் செய்தி வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இதைக்கொண்டு அறிஞரிடையே முன்னர் பெரிய வாதமே நிகழ்ந்தது. அந்த வாதத்துக்குள் நாம் போகவேண்டியதில்லை. தாலி என்ற சொல்லை நமக்கு முதலில் காட்டுகின்ற பாடல்களிலே குழந்தைகள் அதை அணிந்து நிற்கின்றனர் என்பதே இங்கு வேண்டப்படுவது.

புலிப்பல்லை ஏன் அணிவித்தார்கள்? காட்டை அடுத்து வாழ்ந்தவனுக்குப் புலி நாளாந்த அச்சம். அந்தப் புலியையே கொன்று, அதன் பல்லைப் பிள்ளையின் மார்பிலே தொங்கவிட்டால் அச்சம் காவலாக மாறிவிடுகிறது. சேக்கிழார் காலம் வரையில் இந்த நினைவு மங்கவில்லை. வேடர் குலத்துத் திண்ணனாரின் குழந்தைப் பருவத்தைப் பாடும் இடத்திலே, புலிநகச் சுட்டியை நெற்றிக்கும் பல்லாலான தாலியை மார்புக்கும் அவர் அணிவித்துப் பார்க்கிறார். பின்னாளிலே கண்ணை இடந்து அப்பப்போகும் பிள்ளைக்கு அந்தப் பெற்றோர் எத்தனை காவல் கட்டினார்கள் என்று நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது.

காடு விலகி நகர் எழுந்தபோது அச்சமும் மாறியது. பல்லும் நகமும் இருந்த இடத்துக்குப் படைக்கலங்கள் வந்தன. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் சிறு வடிவிலே செய்து கோத்த அணியே ஐம்படைத்தாலி. மணிமேகலையிலே இதை இரண்டு இடங்களில் காண்கிறோம். ஓரிடத்திலே மழலை பேசும் குழந்தையின் வாய்நீர் சிந்தி அதன் ஐம்படையை நனைக்கிறது. மற்றோரிடத்திலே சிறுதேர் இழுத்து விளையாடிக் களைத்த பிள்ளைகள் ஐம்படைத்தாலியோடு படுக்கையிலே உறங்கிப்போகிறார்கள். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடும்போது தேவர்கள் அனுப்பிய சீர்வரிசையிலே ஐம்படையையும் சேர்க்கிறார். கம்பர் கோசல நாட்டை வருணிக்கும்போது அந்நாட்டுக் குழந்தைகளின் மார்பிலும் அதையே அணிவிக்கிறார். கோசலம் வடக்கே இருந்தாலும் கம்பர் கண்ட குழந்தைகள் தமிழ்நாட்டுக் குழந்தைகள்தாமே!

களையாத தாலி

இவற்றுள் எல்லாம் என் மனத்தை விட்டு நீங்காதது புறநானூற்றின் 77ஆம் பாடல். இடைக்குன்றூர் கிழார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். இரு பெருவேந்தரும் ஐந்து வேளிருமாக எழுவர் ஒன்றுகூடி எதிர்த்தபோது அவர்களை வென்றவன். அப்போரின்போது அவன் மிக இளையவன். காலிலே கிண்கிணி கிடந்த இடத்தில் இப்போதுதான் வீரக்கழல் ஏறியிருக்கிறது. பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான். தாலியை இன்னும் களையவில்லை. ஆயினும் வில்லேந்தித் தேரிலே நிற்கிறான் என்று புலவர் வியக்கிறார். பாலை விட்டது இன்றுதான் என்பது புலவரின் உயர்வு நவிற்சி. ஆனாலும் இளமை பற்றிய செய்தி மெய்.

உயர்தர வகுப்பிலே இப்பாடலைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது எழுந்து, "சேர், அரசன் தாலி கட்டியிருந்தானா?" என்று கேட்பதுண்டு. வகுப்பு சிரிக்கும். உரைகாரர் அதை ஐம்படைத்தாலி என்றே கொள்வர் என்று நான் விளக்குவேன். விளக்கிய பின்னர் அந்த வகுப்பிலே ஒரு அமைதி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காரணம் இதுதான். அந்தப் பிள்ளையின் மார்பிலே தாய் தொங்கவிட்ட வில் ஒன்று இருக்கிறது. அது அவனைக் காக்க வந்த வில். அவன் கையிலே நாடு கொடுத்த வில் ஒன்றும் இருக்கிறது. அது கொல்லப்போகும் வில். பொம்மை வில்லைக் களைவதற்கு முன்னரே உண்மை வில்லை எடுக்க நேர்ந்தது. புலவர் இதை வீரமாகவே பாடினார். நாமோ 1983 முதல் 2009 வரை இந்த மண்ணிலே நிகழ்ந்தவற்றைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர்கள். நம் காதுக்கு அதே பாட்டிலே தாயின் குரலும் கேட்கிறது. பழைய பாட்டு ஒன்று புதிய வாசகரிடம் வந்து சேரும்போது பொருள் விரிவடைவது இலக்கியத்தின் இயல்பு.

திருமாலின் படை, சைவரின் பிள்ளை

ஐம்படை என்பன திருமாலின் படைக்கலங்கள். அப்படியிருக்க, நெற்றி நிறையத் திருநீறு பூசும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களும் 'பஞ்சாயுதம்' என்று அதையே பிள்ளைக்குப் போடுவது எப்படி என்று சிலர் ஐயுறுவர். இதற்கு விடை நம் பிள்ளைத்தமிழ் மரபிலே கிடக்கிறது. பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்புப் பருவம். பாட்டுடைக் குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது அது. அங்கே முதலிலே திருமாலைப் பாடுவதே முறை. படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய முத்தொழிலிலே காத்தல் அவருக்குரியது என்பது காரணம். சைவத் துறவியான குமரகுருபரரும் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தைத் திருமாலை வேண்டியே தொடங்குகிறார். ஏட்டிலே புலவர் செய்ததைத்தான் வீட்டிலே தாய்மார் செய்தனர். குழந்தையைக் காக்கும் காரியத்திலே சமய எல்லை குறுக்கே நிற்கவில்லை.

பிள்ளைத்தமிழை இன்னும் சற்று நோக்கினால் வேறொன்றும் தெரியும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மூன்றிலும் 'சிறு' என்னும் அடைமொழி நிற்கிறது. வீடு, பறை, தேர் ஆகிய பெரியோர் உலகத்துப் பொருள்கள் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கி வருகின்றன. காப்பிலே தொடங்கிச் சிறுதேரிலே முடியும் இந்த அமைப்பைக் காணும்போது, பெரிய உலகத்தைச் சிறிதாக்கிப் பிள்ளையின் கையிலே கொடுப்பதுதான் வளர்ப்பு என்று நம் முன்னோர் எண்ணினரோ என்று தோன்றுகிறது. பல்லுக்கொழுக்கட்டை நாளிலே பிள்ளைக்கு முன்னால் ஏடும் எழுதுகோலும் நகையும் கத்தியும் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பதும் இதே எண்ணத்தின் மற்றொரு வடிவமே.

வெள்ளி வந்த வழி

வசதி படைத்தோர் ஐம்படையைப் பொன்னிலே செய்தனர். ஏனையோருக்குக் கைகொடுத்தது வெள்ளி. அதற்கு விலை மட்டும் காரணமல்ல. ஒரு கன சென்ரிமீற்றர் பொன் 19.3 கிராம் நிறுக்கும். அதே அளவு வெள்ளி 10.5 கிராம்தான். தவழும் பிள்ளையின் இடுப்புக்குப் பாரம் குறைந்த உலோகம் ஏற்றதுதானே. அன்றியும் பொன் திருமகளின் உறைவிடம், அதை அரைக்குக் கீழே அணியலாகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆகவே தண்டை, கொலுசு, மெட்டி முதலியன வெள்ளிக்கு உரியனவாயின.

இலங்கையிலே வெள்ளி விளைவது அரிது. அம்பட்டகோல என்னும் குகையிலே வெள்ளி தோன்றியது என்றும் துட்டகைமுனு மன்னன் அதைக்கொண்டு மகாதூபியின் பணிக்கு உதவினான் என்றும் மகாவம்சம் கூறுகிறது. குருநாகல் மாவட்டத்து ரிதி விகாரை அந்நினைவைப் பெயரிலே தாங்கி நிற்கிறது. 'ரிதி' என்றால் சிங்களத்திலே வெள்ளி. ஆனால் வரலாற்றுக் காலம் முழுவதும் பெரும்பகுதி வெள்ளி கடல் கடந்தே வந்தது. அது காசாக வந்து நகையாக மாறியது.

அப்படி வந்த காசுகளுள் ஒன்று நம் பொருளோடு நேரே தொடர்புடையது. பாரசீக வளைகுடாப் பக்கத்து லார் என்ற இடத்தின் பெயரால் வழங்கிய 'லாரின்' என்னும் காசு அது. வட்டமாக இராமல், வெள்ளிக் கம்பியை மடித்துச் செய்யப்பட்டது. இலங்கையிலே அதைத் தூண்டில் வடிவிலே வளைத்தார்கள். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்திலே வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலிலே இந்தத் தூண்டில் காசைக் குறிப்பிடுகிறார். மன்னனின் அனுமதியோடு மக்களே அதைச் செய்துகொண்டார்கள் என்றும் விரும்பிய அடையாளத்தை அதிலே பொறித்தார்கள் என்றும் அவர் எழுதினார். மீனவன் கையிலே இருக்கும் தூண்டில் வெள்ளியாகிக் காசாகிறது. நாட்டுக்கே செல்வமான ஒன்று அன்றாடப் பொருளின் வடிவத்தை ஏற்றுக்கொண்டது விந்தை அல்லவா?

தட்டார் பட்டறையிலே

இச்சிறு பொருள்களைச் செய்த கைகளை நினையாமல் வரலாறு சொல்வது முறையல்ல. தனி வெள்ளி மிக மென்மையானது. ஆகையால் சிறிது செம்பு கலப்பர். ஆயிரம் பங்கிலே 925 பங்கு வெள்ளி என்பது உலகறிந்த அளவு. மூசையிலே இட்டு நெருப்பிலே வைத்தால் தனி வெள்ளி சுமார் 962 பாகை செல்சியசிலே உருகும். உருகியதை வார்த்து, தட்டித் தகடாக்கலாம்; கம்பியச்சின் துளைகளிலே ஒவ்வொன்றாக இழுத்து மயிரிழை போன்ற கம்பியும் ஆக்கலாம். வில்லுக்குக் கம்பி வேண்டும். வாளுக்குத் தகட்டை வெட்டி அரத்தால் அராவ வேண்டும். சங்கு உருண்டையானது, ஆதலால் இரண்டு பாதியாக அச்சிலே அழுத்தி எடுத்துப் பின் பொருத்த வேண்டும். பொருத்துவதற்குப் பொடியும் வெங்காரமும் வைத்து ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவர். சுடர் ஒரு கணம் கூடினாலும் செய்த வேலை முழுவதும் உருகித் துளியாகிவிடும். பொருள் சிறுக்கச் சிறுக்கத் தவறுக்கான இடமும் சிறுத்துப்போகிறது.

பேச்சிலே மறைபொருள் வைப்பதைப் 'பொடிவைத்துப் பேசுதல்' என்கிறோம். தட்டார் பட்டறையிலே பொடிவைத்து ஊதுவதோடு அது தொடர்புடையது. ஒட்டிய இடம் வெளியே தெரியாதபடி ஒட்டுவதுதான் அத்தொழிலின் திறமை. கேட்பவனுக்குத் தெரியாதபடி குத்துவது பேச்சின் திறமை. ஒரு பட்டறையின் நுட்பம் மொழிக்குள் வந்து தங்கிவிட்டது.

கருவியே அணியான கதையும் உண்டு. காது குடையும் கரண்டியும் முள்வாங்கியும் கூர்முனைக் கருவியும் ஒரே வளையத்திலே கோத்தபடி ஹரப்பா அகழ்வாய்விலே கிடைத்திருக்கின்றன. அவை செம்பு சேர்ந்த உலோகத்தாலானவை. அதே கூட்டு பின்னாளிலே வெள்ளியிலே செய்யப்பட்டு இடுப்பிலே தொங்கியது. கண்டிச் சீமையிலே சுண்ணாம்புக் கரண்டகத்தைக் கைக்கடக்கமான சட்டைப்பைக் கடிகாரம் போல வட்டமாகச் செய்து, சங்கிலியும் சுண்ணாம்பு எடுக்கும் சிறு கரண்டியும் பூட்டினார்கள். கொழும்பிலே 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலிலே இத்தகைய கைவினைகளை மதிப்போடு பதிவுசெய்தார். வெற்றிலை போடுவதற்கான சாமானுக்குள்ளும் கலையைக் கண்ட தமிழ்க்குருதி அவருடையது.

உடம்பிலிருந்து கோவிலுக்கு

பிள்ளை வளர்ந்ததும் ஐம்படையைக் களைவர். ஆனால் சிறு வடிவங்களின் பணி அதோடு முடிவதில்லை. நோயும் குறையும் வரும்போது அவை கோவிலுக்குச் செல்கின்றன. கண்நோய்க்குக் கண்மலர், கால்நோய்க்கு வெள்ளிக்கால், பிள்ளை வேண்டித் தொட்டில், குடியிருக்க இடம் வேண்டிச் சிறு வீடு என்று நேர்த்திகள் பல. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நாகதோஷம் நீங்க வெள்ளி நாகம் சாத்துவோர் உண்டு. வேளாங்கண்ணி மாதாவின் சந்நிதியிலும் இத்தகைய வெள்ளி வடிவங்கள் நிறைந்திருக்கின்றன. சொல்லத் தெரியாத துன்பத்தை வடிவமாக்கிக் கையிலே எடுத்துச் செல்கிறார்கள். எழுத்தறியாத ஒரு தாய் எழுதும் விண்ணப்பம் அது.

உருகிப்போனவை

இத்தனை நீண்ட வரலாறு உடைய இச்சிறு அணிகளிலே பழையன நம்மிடம் எத்தனை எஞ்சியுள்ளன? மிகச் சிலவே. கல்லும் வெண்கலமும் நிலைத்து நிற்கும்; பொன்னும் வெள்ளியும் உருகும். ஒரு தலைமுறையின் தாலி அடுத்த தலைமுறையின் தோடாகிறது. வறுமை வந்தால் அடைவுக்குப் போகிறது. 1995 ஒக்ரோபரிலே வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது நான் பள்ளி மாணவன். அந்நாட்களிலும் அதற்குப் பின்னரும் வீடுகளிலிருந்து முதலிலே விலைபோனவை பெரிய நகைகள். பிள்ளைகளின் பஞ்சாயுதமும் அறுணாக்கொடியும் கடைசியாகவே கைமாறின என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றுக்குக் கிடைக்கும் காசு சிறிது. கொடுக்க மனமும் வராது. ஆயினும் அவையும் போயின. மூசைக்குள் போன வெள்ளிக்கு முகவரி இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் பஞ்சாயுதம் என்று அணிவிக்கும் அதே ஐந்து படைகளைச் சிங்களத் தாய்மாரும் அதே பெயரால் தம் பிள்ளைகளுக்கு அணிவிக்கிறார்கள். திருமால் அவர்களுக்கும் இந்த நாட்டைக் காக்கும் தெய்வம். வடக்கிலே ஒரு குழந்தையின் மார்பிலும் தெற்கிலே ஒரு குழந்தையின் மார்பிலும் ஒரே சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் கதையும் ஆடின. பெரியவர்கள் உண்மைப் படைக்கலங்களை ஏந்தி எதிரெதிரே நின்ற காலத்திலும் தொட்டிலிலே கிடந்த பிள்ளைகள் ஒரே காவலையே அணிந்திருந்தார்கள். நமது வரலாற்று நூல்கள் எல்லைகளையும் போர்களையும் நிறைய எழுதிவிட்டன. இந்த ஒற்றுமையையும் ஒரு பக்கத்திலே எழுதி வைப்பது நம் கடமை.

ஐம்படைத்தாலியை நமக்குக் காத்துத் தந்தவை நகைப்பெட்டிகள் அல்ல, பாடல்கள்தாம். குழந்தையின் வாய்நீரிலே நனைந்த ஒரு தாலி மணிமேகலையிலே இன்னும் ஈரம் உலராமல் கிடக்கிறது. ஆனால் நம் பாட்டிமார் அணிந்த அணிகளின் பெயர்கள் எந்தப் பாடலிலும் ஏறவில்லை. அவர்கள் நினைவிலே மட்டும் இருக்கின்றன. ஆகவே வாசகர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் ஒருநாள் அமர்ந்து கதைக்க வேண்டும். பிள்ளைப் பருவத்திலே என்ன அணிந்தீர்கள், அதிலே என்னென்ன உருவங்கள் தொங்கின, அவற்றை என்ன பெயரால் அழைத்தீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். பொருள் உருகிவிட்டாலும் பெயர் எஞ்சினால் வரலாறு எஞ்சும். பெயரும் போனால், காப்பு என்ற சொல்லுக்கு அகராதியிலே மட்டுந்தான் இரண்டு பொருள் இருக்கும்.